ஜூலியஸ் ரோசன்வால்ட்

ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில், 1862ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் 12ஆந் திகதி ஜூலியஸ் ரோசன்வால்ட் பிறந்தார். தகப்பனார் ஆடை வியாபாரி. மகனும் பள்ளிப்படிப்பை முடிக்காமலே நியூயோர்க் சென்று, மாமன்மாரிடம் அதே தொழிலைப் பழகினார். 1895இல், தபால் மூலம் பொருள் விற்றுவந்த சிக்காகோ நகரத்துச் சியர்ஸ் ரோபக் கொம்பனியிற் பங்காளியானார். 1908இல் அதன் தலைவருமானார். செல்வம் குவிந்தது. வரலாறு இவ்வளவோடு நின்றிருக்குமாயின் இன்று அவரை நினைப்பார் அதிகம் இரார்.

அடிமையாய்ப் பிறந்து, அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் கறுப்பின மக்களுக்கென ஒரு பெருங் கல்விநிலையத்தை வளர்த்தெடுத்த புக்கர் வாஷிங்டனின் சுயசரிதையை நம்மிற் சிலர் பள்ளி வாசிகசாலையில் எடுத்துப் படித்திருப்போம். அந்நூலே ரோசன்வால்டின் மனத்தையும் திருப்பியது. 1911இல் இருவரும் சந்தித்தனர். மறு ஆண்டு, தமது 50ஆவது பிறந்தநாளையொட்டி ரோசன்வால்ட் வழங்கிய பல நன்கொடைகளுள், டஸ்கீகியைப் பின்பற்றி நடந்த நிலையங்களுக்கென வாஷிங்டனிடம் ஒப்படைத்த 25,000 டொலரும் ஒன்று. அதிலே சிறு தொகை மிஞ்சியது. அதைக்கொண்டு கிராமங்களில் ஆறு சிறு பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார், கொடையாளி இசைந்தார்.

அக்காலத்தில் தென்மாநிலங்களிலே வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி. வரிப்பணத்திற் பெரும்பங்கு முன்னையதற்கே போயிற்று. மற்றப் பிள்ளைகள் தேவாலயங்களிலும் ஒழுகுங் கொட்டில்களிலும் இருந்து படித்தனர்.

ரோசன்வால்ட் முழுச் செலவையும் கொடுக்கவில்லை. ஊரார் தம் பங்கைப் பணமாகவோ மரமாகவோ உடலுழைப்பாகவோ தரவேண்டும். கட்டி முடித்த பள்ளியைப் பொதுக் கல்வி அதிகாரிகள் தமதாக ஏற்று நடத்தவேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். அரசாங்கத்தை அதன் கடமைக்கு இழுத்துவர அவர் கண்ட வழி அது.

ஊரார் சளைக்கவில்லை. சொந்த நிலமில்லாக் கமக்காரருங்கூடப் பருத்தி வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கென ஒதுக்கிப் பயிரிட்டனர். கோழி விற்ற காசும் விருந்து நடத்திச் சேர்த்த காசும் வந்து சேர்ந்தன. ஏற்கெனவே வரி செலுத்தியவர்களே இப்படி இரண்டாம் முறையும் கொடுக்க நேர்ந்தது. இது நீதியா என்று கேட்டால், நீதி என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆயினும் கணக்கைப் பாருங்கள். 1932 வரையில் 15 மாநிலங்களிலே 4,977 பள்ளிகள் எழுந்தன. ஆசிரியர் வீடுகள், தொழிற்கூடங்களுஞ் சேர்ந்தால் 5,357 கட்டடங்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 2 கோடியே 84 இலட்சம் டொலர். அதில் ரோசன்வால்ட் நிதியின் பங்கு 43 இலட்சத்துக்குச் சற்று மேல். கறுப்பின மக்கள் கொடுத்ததோ 47 இலட்சத்துக்கும் மேல். கோடீசுவரரிலும் ஏழைகள் கூடக் கொடுத்துவிட்டார்கள்! எஞ்சியதிற் பெரும்பகுதி பொதுப்பணம். பிடிவாதமாயிருந்த மாநிலங்களின் பணப்பெட்டியும் திறந்தது.

கட்டட அமைப்பிலும் அக்கறை இருந்தது. மின்சாரமில்லாத ஊர்களாதலால், பகலொளி வகுப்பறைக்குள் நிறைந்து விழும்படி உயர்ந்த சாளரங்களை வரிசையாக வைத்தார்கள். தம் பெயரைப் பள்ளிக்கு இடும்படி அவர் கேட்டதில்லை. ஊரார் தாமாகவே ரோசன்வால்ட் பள்ளி என்றழைத்தனர்.

ஒரு குறையையும் மறைத்தலாகாது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்துவைத்த ஏற்பாட்டை இத்திட்டம் எதிர்க்கவில்லை, அதற்குள்ளேயே கட்டியது. அவ்வேற்பாடு சட்டத்துக்கு மாறானதென உயர் நீதிமன்றம் தீர்த்தது 1954இலேதான். அதன்பின் இப்பள்ளிகளிற் பல மூடப்பட்டன.

நம்மவர் தருமசாதனம் எழுதினால் சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதுவார்கள். ரோசன்வால்டோ அதற்கு நேர்மாறு. வட்டியை மாத்திரமன்றி முதலையும் செலவிட்டு, தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் நிதியை முடித்துவிடவேண்டுமென விதித்தார். வருந் தலைமுறையின் தேவையை அத்தலைமுறையே அறியும் என்பது அவர் எண்ணம். 1932 ஜனவரி 6ஆந் திகதி அவர் காலமானார். நிதி, தவணைக்கு முன்னரே, 1948இல் கடைசிக் காசையுங் கொடுத்துக் கணக்கை மூடியது.