கண்டதையும் ஐயுற்றவர்: பேரறிஞர் இப்னுல் ஹைதம்

பார்வையை வீசினான் என்கிறோம். பார்வையைச் செலுத்தினான் என்கிறோம். காண இயலாதவரைக் கண்ணொளி இழந்தவர் என்கிறோம். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொட்டு அறிகிறது என்னும் பழைய எண்ணம் இவ்வழக்குகளில் உறைந்து கிடக்கிறது. இரவில் பூனையின் கண் ஒளிர்வதைக் கண்டு, அவ்வொளி அதன் கண்ணிலேயே பிறக்கிறது என்று நம்புவோர் இன்றும் பலர். பூனையின் விழிக்குள் உள்ள பளபளப்பான படலம், வெளியிலிருந்து வந்த ஒளியையே திருப்பி அனுப்புகிறது. முற்றும் இருண்ட அறையில் பூனையின் கண் ஒளிர்வதில்லை.

இத்தவறான எண்ணம் கல்லாதாருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. வடிவியலின் தந்தையெனப் போற்றப்படும் யூக்ளிடும், வானியலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்வாக்குச் செலுத்திய டாலமியும், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்படுகின்றன என்றே கொண்டனர். பேரறிவாளர் சொன்ன பிழை மெய்யினும் வலிமை பெற்றுவிடுகிறது. அப்பிழையைச் சான்றுகளால் வீழ்த்தியவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் ஆவார். அன்னாரின் வாழ்வை மாணவச் செல்வங்களின் முன் வைப்பதே நம் நோக்கம்.

இன்றைய ஈராக்கிலுள்ள பஸ்ரா நகரில், ஏறத்தாழ கி.பி. 965இல், ஹிஜ்ரி 354இல், அவர் பிறந்தார். கணிதத்திலும் வானியலிலும் அவர் பெற்றிருந்த புலமை எகிப்து வரை எட்டியது. அங்கு அப்போது ஆட்சி புரிந்தவர் பாத்திமிய்ய கலீஃபா அல்ஹாக்கிம். நைல் நதியின் வெள்ளத்தையும் வறட்சியையும் கட்டுப்படுத்த வழி உண்டு என்று இப்னுல் ஹைதம் கருதுவதைக் கேள்வியுற்ற கலீஃபா, அவரை வரவழைத்துப் பெரும் சிறப்புச் செய்தார். இச்செய்திகள், அவருக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீயின் வாயிலாக நமக்குக் கிடைக்கின்றன.

பணியாளர் குழுவுடன் நைலின் கரை வழியே தெற்கு நோக்கிச் சென்ற அறிஞர், வழியெங்கும் பண்டை எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்களைக் கண்டார். அவற்றின் அளவும் நுட்பமும் அவரைச் சிந்திக்க வைத்தன. இத்தகைய ஆற்றல் பெற்றிருந்தோர், நதியைக் கட்டுப்படுத்துவது கைகூடுவதாயின் அதனைச் செய்யாது விட்டிருப்பரோ என்னும் ஐயம் எழுந்தது. அஸ்வானுக்கு அருகே ஆற்றின் அமைப்பை நேரில் ஆராய்ந்தபின், தம் திட்டம் நிறைவேறாது எனத் தெளிந்தார். திரும்பி வந்து, தம் கணிப்புத் தவறு என்று கலீஃபாவிடமே ஒப்புக்கொண்டார்.

கணத்தில் சினந்து உயிர்பறிக்கக் கூடியவர் எனப் பெயரெடுத்த மன்னரின் முன் தம் பிழையை ஒப்புவது எளிய செயலன்று. கலீஃபா அவருக்கு ஓர் அலுவலக் பொறுப்பை அளித்தார். எனினும் அச்சம் நீங்காத அறிஞர், பித்துப் பிடித்தவர்போல் நடித்தார் என்றும், வீட்டிலேயே அடைத்து வைக்கப்பட்டார் என்றும், 1021இல் அல்ஹாக்கிமின் காலம் முடிந்த பின்னரே வெளிவந்தார் என்றும் இப்னுல் கிஃப்தீ கூறுகிறார்.

அதன்பின் அவர் அரசுப் பதவி எதையும் நாடவில்லை. கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே தங்கி, நூல்களைப் படியெடுத்து விற்று வாழ்ந்தார். ஆண்டுதோறும் அவர் படியெடுத்தவற்றுள் யூக்ளிடின் வடிவியல் நூலும் டாலமியின் அல்மஜஸ்தீயும் அடங்கும். அவற்றுக்குக் கிடைத்த 150 தீனார்களே ஓராண்டுச் செலவுக்கு அவருக்குப் போதுமானதாயிற்று. எவருடைய பார்வைக் கோட்பாட்டை மறுத்தாரோ, அவர்களுடைய நூல்களையே தம் கையால் எழுதி உண்டார். மறுப்பு வேறு, மதிப்பின்மை வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவர் இயற்றிய கிதாபுல் மனாழிர் ஏழு பகுதிகளைக் கொண்ட ஒளியியல் பெருநூலாகும். கதிரவனை நோக்கின் கண் கூசி வலிக்கிறது. ஆதலின் ஒளியே கண்ணைத் தாக்குகிறது என்று அதில் காட்டினார். இமையைத் திறந்தவுடன் தொலைவிலுள்ள விண்மீன்கள் தெரிகின்றன. சிறிய கண்ணிலிருந்து வானம் முழுவதையும் நிரப்பும் ஒன்று வெளிப்படுதல் கூடுமோ என வினவினார். கண்ணிலிருந்து கதிர் சென்று எதையும் கொண்டு வராவிடில் பார்வை நிகழாது. கொண்டு வருமாயின், பார்வைக்குக் காரணம் வந்து சேர்வதே ஆகும், சென்ற கதிர் வேண்டாததாகிறது என வாதிட்டார்.

வாதத்தோடு அவர் நிற்கவில்லை. இருண்ட இடத்தை நோக்கிய ஒரு துளையின் முன் பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். துளைக்கு அப்பால் இருந்த சுவரில், விளக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒளித்திட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால், அதற்கு நேரான திட்டு மட்டும் மறைந்தது. மறைப்பை நீக்கினால் அதே இடத்தில் மீண்டும் தோன்றியது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதும், ஒரே துளைவழி வந்தாலும் பல ஒளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பதும் இவ்வாறு கண்கூடாக மெய்ப்பிக்கப்பட்டன.

அடிவானத்து முழுநிலவு உச்சி வானத்து நிலவினும் பெரிதாகத் தோன்றுவதையும் அவர் ஆராய்ந்தார். ஈரக் காற்றே அதனைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது டாலமியின் நூலில் காணப்படும் விளக்கம். இப்னுல் ஹைதமோ முதன்மைக் காரணம் மனத்தின் கணிப்பே என்றார். இடையிலுள்ள நிலப்பரப்பு அடிவான நிலவை மிகத் தொலைவில் உள்ளதாக எண்ண வைக்கிறது. அதனால் மனம் அதனைப் பெரியதென முடிவு செய்கிறது. மாணவர்கள் ஒரு சிறு நாணயத்தைக் கைநீட்டிப் பிடித்து இருவேளையும் நிலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. இரு நிலவும் ஓரளவே என்பது புலனாகும்.

டாலமியின் வானியலில் கண்ட முரண்பாடுகளைத் தொகுத்து அவர் தனிநூலே எழுதினார். மெய்யை நாடுபவன் முன்னோர் நூல்களை நம்பி அமைந்துவிடலாகாது, அவற்றை எதிர்த்து வினவ வேண்டும் என்பதும், அங்ஙனம் வினவுங்கால் தன்னையும் ஐயுற வேண்டும் என்பதும் அந்நூலில் அவர் வகுத்த நெறியாகும்.

அந்நெறி அவருக்கும் பொருந்துவதே. கண்ணில் உருவம் உணரப்படும் இடம் விழிவில்லையின் முற்பகுதி என அவர் கருதினார். அது பிழை. உருவம் தலைகீழாக விழித்திரையில் விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர் நிறுவினார். கெப்ளரை அவ்விடத்திற்கு இட்டுச் சென்ற பாதையோ இப்னுல் ஹைதம் அமைத்ததாகும். இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அவரது நூல் ரோஜர் பேக்கன் முதலியோர்க்கு வழிகாட்டியது. 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது.

ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் அவர் மறைந்தார். நிலவின் பள்ளம் ஒன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இறுதியாக ஒன்று. கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று நம் மேடைகளில் நாமே பெருமையுடன் முழங்கி வருகிறோம். அது மெய்யன்று. சிறுதுளை வழியே உருவம் விழுவதைச் சீன அறிஞரும் கிரேக்கரும் அவருக்கு முன்பே கண்டிருந்தனர். ஒளிப்படம் 19ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. கிரகணத்தின்போது சிறுதுளை வழியே பிறைவடிவ ஒளி ஏன் விழுகிறது என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து விளக்கியதே அவர் செய்தது, அதுவே பெருஞ்செயலாகும். செய்யாததைச் செய்ததாகக் கூறி அவரை உயர்த்த வேண்டிய தேவை இல்லை. தம் பிழையை மன்னர் முன் ஒப்புக்கொண்டவரைப் பிழையான புகழுரையால் போற்றுதல் தகுமோ? நாம் விரும்பும் செய்தியையும் ஆராய்ந்தே ஏற்பதுதான் அன்னாருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.