நூலக வரியும் சீர்காழி கணக்கு வாத்தியாரும்

வீட்டு வரி ரசீதை என்னைக்காவது முழுசா படிச்சிருக்கீங்களா? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல தறி ஓடுற வீடா இருந்தாலும் சரி, சென்னையில அடுக்குமாடி வீடா இருந்தாலும் சரி, சொத்து வரியோட நூலக வரியும் சேர்த்துதான் வாங்குறாங்க. ரூபாய்க்கு 10 பைசா. நூலகப் பக்கமே போகாத வீடு எதுக்கு இதைக் கட்டணும்? இதுக்குப் பதில் ஒரு கணக்கு வாத்தியாரோட வாழ்க்கையில இருக்கு.

சீர்காழி இராமாமிருதம் ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் பிறந்தார். ஆறு வயதில் அப்பாவை இழந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். பேச்சில் திக்கல் உண்டு. ஆனாலும் மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று வகுப்பில் நின்று பாடம் நடத்தியே பெயர் வாங்கினார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சில நாளிலேயே போரடித்துவிட்டது. ஆள் வராத அறை, அடுக்கி வைத்த புத்தகங்கள், பேச்சுத்துணைக்குக்கூட யாரும் இல்லை. பழையபடி வாத்தியார் வேலையே கொடுங்கள் என்று போய் நின்றார். லண்டன் போய் நூலகப் படிப்பு படித்து வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். குராய்டன் ஊர்ப் பொது நூலகத்தின் தலைவர், குழந்தைகள் நூலகங்களில் தனி அக்கறை கொண்டவர். ரங்கநாதன் இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். படிப்பாளிகள் மட்டும் வரவில்லை. சின்னப் பிள்ளைகள், வீட்டுப் பெண்கள், வேலை முடித்த தொழிலாளிகள் என்று ஊரே வந்து போனது. போரடித்த வேலை அவருக்கு அன்றைக்குப் புதுசாகத் தெரிந்தது.

நம்ம இன்ஜினியரிங் மூளைக்குப் பிடிச்ச கதையும் லண்டன்லதான் நடந்தது. செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே இரும்புப் பட்டை, சக்கரம், நட்டு, போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் வேறு வேறு பொம்மை வருகிறது. ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் அச்சான கோலன் பகுப்பு முறை அங்கிருந்து வளர்ந்ததுதான். உலக நூலகத்துறை படிக்கும் ஒரு முறைக்கு விதை, குழந்தைகள் விளையாட்டுப் பொருள்!

1925-ல் திரும்பியவர் வாத்தியார் வேலையைக் கேட்கவில்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931-ல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதில் இரண்டாவது விதிதான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். வாசகர் என்றால் யார்? பெண்களும் வாசகர், கிராமத்தாரும் வாசகர், குழந்தைகளும் வாசகர். அவர்கள் வரவில்லை என்றால் அது அவர்கள் குறை இல்லை, நூலகத்தின் பாக்கி.

அந்தப் பாக்கியைத் தீர்க்க ஒரு வழி அதே ஆண்டு அக்டோபரில் கிளம்பியது. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் இருந்து ஒரு மாட்டுவண்டி புத்தகங்களோடு கிராமங்களுக்குப் புறப்பட்டது. இன்றைய நடமாடும் நூலக வேனுக்கு அதுதான் தாத்தா.

வண்டி ஓட காசு வேண்டும். நன்கொடையை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? அதனால்தான் நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1930-லேயே வாராணசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டம் ஒன்றை வைத்தார். பலன் கிடைக்க 18 வருஷம் ஆனது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இது முதல். நம்ம ரசீதுல இருக்குற வரி இந்தச் சட்டத்தோட பிள்ளை.

1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சேமித்த ஒரு லட்சம் ரூபாயை நூலகப் படிப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். ஆகஸ்ட் 12-ஐ நாடு நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது.

இப்ப பிள்ளையார்பாளையத்துக்கு வருவோம். கோர்வைப் பட்டு நெய்ய இரண்டு பேர் வேணும். ஒரு காலத்துல அந்த இரண்டாவது ஆள் பல வீடுகள்ல பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை. தறியில் உட்கார்ந்த அந்தப் பிள்ளையும் ரங்கநாதன் கணக்கில் ஒரு வாசகர்தான். அப்பா தறியில, அம்மா நூல் சுத்துறதுல இருந்தா, பிள்ளையை நூலகத்துக்கு யார் கூட்டிட்டுப் போறது? அந்த வேலை நமக்கு. இந்த ஞாயித்துக்கிழமை தம்பியையோ தங்கச்சியையோ பக்கத்துக் கிளை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போய் உறுப்பினர் ஆக்குங்க. குழந்தைங்க கை எட்டுற உயரத்துல கதைப் புத்தகம் இல்லைன்னா, வைக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வரி ஏற்கெனவே கட்டியாச்சு.