கம்ப்யூட்டரின் தந்தையும் லேத் பட்டறைக்காரரும்

கம்ப்யூட்டரின் தந்தை யார் என்று வினாடி வினாவில் கேட்டால் சார்லஸ் பாபேஜ் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லி ஒரு மார்க் வாங்கிவிடுவோம். ஆனால் அந்தத் தந்தை தன் பிள்ளையின் முழு உருவத்தைப் பார்க்காமலே கண்ணை மூடினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் போன வருஷம் வரை தெரியாது.

போன விடுமுறையில் இடையில் ஒருவர் மூலமாக ஒரு கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதினேன். வாரத்துக்கு ஒரு மாற்றம் கேட்டார்கள். தள்ளுபடியைச் சேர்த்தேன், திரும்பி வந்த சரக்கின் கணக்கு கெட்டது. அதைச் சரிசெய்தேன், மொத்தத் தொகை தப்பாக வந்தது. பேசிய பணத்தில் பாதி கைக்கு வரவே இல்லை. பரீட்சைப் பணம் கட்ட நம்பியிருந்த பணம் அது. அப்பா பட்டறையில் அட்வான்ஸ் வாங்கிக் கட்டினார். அந்த எரிச்சலில் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பாபேஜ் என் கையில் கிடைத்தார்.

அவர் 1791 டிசம்பர் 26-ல் லண்டனில் பிறந்தார். தந்தை வங்கியாளர். நம்மைப் போல பீஸ் கட்ட அலைந்தவர் இல்லை. 1810-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். கணக்கு என்றால் உயிர்.

கால்குலேட்டர் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டவும் வானியலுக்கும் லாக் டேபிள் போன்ற அட்டவணைகள்தான் துணை. அவற்றை மனிதர்களே கூலிக்குக் கணக்குப் போட்டார்கள். அந்த ஆட்களுக்குப் பெயரே கம்ப்யூட்டர்தான்! 1821-ல் பாபேஜும் நண்பர் ஜான் ஹெர்ஷலும், இரண்டு பேர் தனித்தனியே போட்ட கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடத்துக்கு இடம் ஒத்துவரவில்லை. இதை நீராவியே போட்டுத் தொலைத்தால் என்ன என்று பாபேஜுக்குத் தோன்றியது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். டெய்லர் என்பவரின் லாக் டேபிளில் இருந்த பிழைகளுக்குக் கப்பல்காரர்களின் பஞ்சாங்கத்தில் திருத்தம் போட்டார்கள். அடுத்த வருஷம் திருத்தத்துக்குத் திருத்தம். அதற்கடுத்த வருஷம் திருத்தத்தின் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம்! படித்ததும் என் பில் புரோகிராம்தான் ஞாபகம் வந்தது.

பாபேஜ் நினைத்த இயந்திரத்தின் தத்துவம் எளிது. 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களின் வித்தியாசம் 3, 5, 7. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் எப்போதும் 2. ஆக, கூட்டல் மட்டும் தெரிந்த பல்சக்கரங்கள் போதும், பெருக்கலே வேண்டாம். அச்சுக் கோர்ப்பதிலும் பிழை வரும் என்பதால் விடையை இயந்திரமே பதிக்க வேண்டும் என்றும் திட்டமிட்டார்.

1822-ல் சிறிய மாதிரியைக் காட்டினார். 1823-ல் அரசாங்கம் 1,500 பவுண்டு கொடுத்தது. சக்கரம் செய்யும் வேலை ஜோசப் கிளெமென்ட் என்ற பட்டறைக்காரரிடம் போனது. நெசவாளியின் மகன், ஆனால் லேத் வேலையில் மன்னன். திருகு மரையை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த விட்வொர்த் கூட இவரிடம் வேலை பார்த்தவர்தான்.

1827-ல் பாபேஜின் தந்தை, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரே வருஷத்தில் இறந்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டு திரும்பவும் வேலைக்கு வந்தார். 1832-ல் சுமார் 2,000 பாகங்களுடன் ஒரு பகுதி தயாராகி ஒழுங்காக ஓடியது. அத்தோடு சரி. பட்டறையைப் பாபேஜ் வீட்டுப் பக்கம் மாற்றுவதில் தகராறு. கூடுதல் செலவை யார் தருவது? 1833-ல் கிளெமென்ட் வேலையை நிறுத்தினார். தொழில் வழக்கப்படி விசேஷக் கருவிகளும் அவருக்கே சொந்தமாயின. 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்த அரசாங்கம் 1842-ல் கையை விரித்தது.

எனக்குக் கிளெமென்ட் மேல் ஒரே கோபம். எங்கப்பா ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறையில் டர்னர். அவரிடம் கதையைச் சொன்னேன். டிராயிங்கை எத்தனை தடவை மாத்தினாங்க, மாத்தினதுக்குக் காசு தந்தாங்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பாபேஜ் வடிவமைப்பை மெருகேற்றிக்கொண்டே இருந்தவர்தான். பணம் வராத என் கோபமும் கிளெமென்டின் கோபமும் ஒன்றுதானே! ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிய பகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்து, பழையதைத் தொடாமல் விட்டது என் தப்பு. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பாபேஜ் சோர்ந்துவிடவில்லை. 1834 முதல் துளை அட்டையால் கட்டளை வாங்கும் அனலிட்டிக்கல் எஞ்சினைத் திட்டமிட்டார். அதற்கு ஏடா லவ்லேஸ் 1843-ல் எழுதிய குறிப்புகளை முதல் புரோகிராம் என்கிறார்கள். அந்த எஞ்சினும் முழுமையாகவில்லை. 1871 அக்டோபர் 18-ல் பாபேஜ் காலமானார்.

1991-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம், 1847-49-ல் அவர் வரைந்த இரண்டாம் வித்தியாச எஞ்சினின் கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்தது. அவர் காலத்துத் துல்லியத்துக்கு உட்பட்டே, பாகங்களை வெளியே செய்து வாங்கித்தான் பூட்டினார்கள். வரைபடத்திலிருந்த சில பிழைகளைத் திருத்தினார்கள். பிசகாமல் ஓடியது!

ஆக, மூளையிலும் குறையில்லை, லேத்திலும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவில் எழுதி வைக்காத பேச்சுதான் கெடுத்தது. நாளை நம்மில் பாதிப் பேர் வேலை கொடுப்போம், பாதிப் பேர் வேலை வாங்கிச் செய்வோம். எந்தப் பக்கம் நின்றாலும் மாற்றத்தைத் தேதி போட்டு எழுதுவோம், கூலியை முன்கூட்டியே பேசுவோம். என் நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிவிட்டேன். அப்பாவின் அட்வான்ஸை நான்தான் அடைக்க வேண்டும்!

— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை