ஜூவாலஜி படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

மெடிக்கல் சீட் கிடைக்கலை, அதனால ஜூவாலஜி. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. படித்து என்ன வேலைக்குப் போவே என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். நம் கல்லூரியில் இப்போது விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, அந்தக் கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டிய பறவை அறிஞர் சாலிம் அலியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். செயலர் மில்லார்ட், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் எடுத்துக் காட்டினார். அன்று பிடித்த பறவைப் பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

படிப்பு மட்டும் சுலபமாக வரவில்லை. கல்லூரி முதல் வருடமே தடுமாறி, குடும்பத் தொழிலைப் பார்க்கப் பர்மாவுக்குப் போனார். 1917-ல் திரும்பி வந்து, வணிகப் படிப்போடு செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். முறையான பட்டம் இல்லாததால் ஜூவாலஜிகல் சர்வேயில் வேலை கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் மியூசியத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். லீவு போட்டுப் பெர்லின் போய், ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயின்று 1930-ல் திரும்பினால், நிதியில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்!

மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் போய்த் தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகளை நாள்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்து, பிடித்தால் குடியேறும். பிறகு ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து இன்னொரு துணை தேடும். வேலையில்லாத அந்தக் காலத்து ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பின்னர் ரிப்ளியோடு 10 தொகுதிகள், 1976-ல் பத்ம விபூஷண் என்று வரிசையாக வந்தன. 1987 ஜூன் 20-ல் காலமானார். அவர் பெயரிலான பறவையியல் மையம் 1990-ல் கோவையில் தொடங்கியது.

இதை ஒரு எஞ்சினியர் ஏன் எழுதணும்? 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் படிந்து தவித்தன. கலந்த எண்ணெயை எங்களைப் போன்றவர்கள் அளந்துவிடலாம். ஆனால் அங்கே முன்பு எத்தனை பறவை, என்ன நண்டு, எந்த மீன் இருந்தன என்று வருடக்கணக்கில் பார்த்து எழுதி வைத்தவர் இருந்தால்தானே நஷ்டம் எவ்வளவு என்று சொல்ல முடியும்? அது விலங்கியல் படித்தவரின் வேலை.

மாணவர்களே, எண்ணூரும் பழவேற்காடும் உங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இப்போதே தொடங்குங்கள். ஆலைகளில் பொறுப்பில் இருக்கும் பழைய மாணவர்களே, சுற்றுச்சூழல் ஆய்வுக்கு ஆள் தேடும்போது நம் விலங்கியல் துறைப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.