முள் குத்திய நட்சத்திர மீன்: இலியா மெச்னிகாவ்

காலில் முள் தைத்தால் மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, விண்விண் என்று வலிக்கும். மருத்துவத்தில் இதை அழற்சி என்பார்கள். இந்த வீக்கத்தை வெறும் கேடாகவே மருத்துவ உலகம் பார்த்து வந்த காலத்தில், அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை என்று சொன்னவர் இலியா மெச்னிகாவ்.

1845-ல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகே பிறந்தார். நான்கு வருடப் பட்டப்படிப்பை இரண்டே வருடத்தில் முடித்த கெட்டிக்காரர். ஆனால் டாக்டர் அல்ல, விலங்கியல் ஆய்வாளர்.

சொந்த வாழ்க்கை அவரைப் படுத்தி எடுத்தது. முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். திருமணத்தன்று நடக்க முடியாமல், தேவாலயத்துக்குள் நாற்காலியில் வைத்துத்தான் தூக்கிப்போனார்கள். 1873-ல் அவர் இறந்ததும் மெச்னிகாவ் மார்ஃபினை அளவுக்கு மீறி விழுங்கினார். வாந்தி எடுத்ததால் பிழைத்தார். பிறகு ஓல்காவை மணந்தார். அவருக்கும் டைபாய்டு வந்து பிழைத்தார். மனம் உடைந்திருந்த மெச்னிகாவ், காய்ச்சல் நோயாளியின் ரத்தத்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். அப்போதும் சாகவில்லை.

1882-ல் ஒடெசா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சுப் பருவமான லார்வா கண்ணாடி போல இருக்கும். உள்ளே அலையும் செல்களை உயிரோடு பார்க்கலாம். இந்தச் செல்கள் உணவைத் தின்கின்றன. அந்நியப் பொருள் வந்தால் அதையும் தாக்குமா? தோட்டத்து ரோஜாச் செடியில் சில முட்களை ஒடித்து லார்வாவுக்குள் குத்தினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த லார்வாவுக்கு ரத்தக் குழாய் கிடையாது. ரத்தக் குழாய் பழுதாவதால் வெள்ளை அணுக்கள் கசிந்து வெளியேறுவதே அழற்சி என்று அன்று விளக்கம் சொல்லி வந்தார்கள். குழாயே இல்லாத உயிரிலும் செல்கள் தாமாகப் போய்ச் சூழ்கின்றன என்றால், அந்த விளக்கம் நிற்காது. இந்தச் செல்களுக்கு விழுங்கும் செல்கள் என்ற பொருளில் ஃபேகோசைட் எனப் பெயர் வந்தது.

1888-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் தம் நிறுவனத்தில் இடம் கொடுத்தார். அங்கே 1891-ல் அழற்சி பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். விழுங்கும் செல்களில் இரண்டு வகை என்றார். சின்னவை, இன்றைய பெயரில் நியூட்ரோஃபில்கள், முதலில் ஓடி வரும். பெரியவை மேக்ரோஃபேஜ்கள். வேலை முடிந்த சின்னவற்றை இந்தப் பெரியவை விழுங்குவதையும் அவர் பார்த்திருந்தார்.

அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் அவருடைய மிக நுட்பமான கண்டுபிடிப்பாகப் படுகிறது. நியூட்ரோஃபில்கள் கிருமியைக் கொன்றபின் தாமே ஒழுங்காகச் செத்துப்போகும் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. மேக்ரோஃபேஜ் அவற்றை விழுங்கியதும், அழற்சியைத் தணிக்கும் ரசாயனங்களைச் சுரக்கும், வீக்கம் வடியும். அப்புறப்படுத்தாமல் விட்டால், செத்த செல் உடைந்து உள்ளிருக்கும் நொதிகள் கொட்டி, நல்ல திசுவையும் அரித்துவிடும். நம் அடுக்குமாடியில் குப்பை வண்டி இரண்டு நாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜெர்மானிய விஞ்ஞானிகளோ நோயைத் தடுப்பது ரத்த நீரில் உள்ள பொருள்கள்தான் என்று இருபது வருடம் போல மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் இரண்டும் உண்மை என்று தெரிந்தது: ரத்த நீரின் பொருள்கள் கிருமி மேல் ஒட்டிக்கொண்டால் செல்கள் சுலபமாக விழுங்குகின்றன. 1908 நோபல் பரிசை எதிரணியைச் சேர்ந்த பால் எர்லிக்கோடு பகிர்ந்துகொண்டார்.

வயதான காலத்தில், புளித்த பால் குடித்தால் ஆயுள் நீளும் என்று நம்பித் தினமும் குடித்தார். தயிர்சாதக்காரர்களான நமக்குக் கேட்க இனிமைதான். ஆனால் இதில் அவர் ஆதாரத்தைத் தாண்டிப் போய்விட்டார் என்றே சொல்ல வேண்டும். 1916-ல், 71 வயதில், இதயக் கோளாறால் இறந்தார். அவருடைய அஸ்திக் கலசம் பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.