கெருடாவிலின் பேரன்

யாழ்ப்பாணத்தார் இருவர் அயல் தேசத்திலே சந்தித்தால், பெயரைக் கேட்கு முன்னர் ஊரைக் கேட்பர். ஐரிஷ் மக்களுக்கும் இந்த ஆவல் உண்டு. 1845ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தாலே கடல் கடந்து அமெரிக்கா சென்றோரின் வழித்தோன்றல்கள், தம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற பங்கைத் தேடித் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டுவர். நம் சைவக் குடும்பங்களிற் பலவற்றுக்கு அத்தகைய ஏடு பெயர் ஒன்றுதான். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் சரித்திரத்தை நான் பெயரிலிருந்து தொடங்குவதற்கு இதுவே காரணம்.

ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி என்பது அவர் முழுப்பெயர். நடுவில் நிற்பது தாயின் நாட்டுப்புறம். எலிசபெத் அம்மையார் இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். ஈற்றில் நிற்பது பாட்டன் பெயர். நம் வழக்கப்படி தலைமுறைதோறும் மாறவேண்டிய தந்தை பெயரை ஆங்கில முறை குடும்பப் பெயராக இறுக்கிவிட்டது. பிற இடங்களில் எனக்கு உவப்பில்லாத அம்முறை இவர் விஷயத்தில் ஒரு நன்மை செய்தது.

வடமராட்சியிலே தொண்டைமானாற்றை அடுத்துக் கெருடாவில் என்றொரு சிற்றூர் உண்டு. செல்வச்சந்நிதி முருகனை வழிபடச் சென்றோர் அவ்வூரை அறிவர். அவ்வூரவரான ஆறுமுகம்பிள்ளை கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். அவர் மைந்தரே குமாரசுவாமி முதலியார். அரசாங்க மொழிபெயர்ப்பாளராக உயர்ந்த அவர், 1835இல் சட்டநிரூபண சபையிலே தமிழரின் முதற் பிரதிநிதியாக அமர்ந்தார். மறு ஆண்டே காலமானார். மகன் முத்துவுக்கு அப்பொழுது வயது இரண்டு.

தந்தை முகம் அறியாத அம்மகன் பாரிஸ்டராகி, அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, 1874இல் சேர் பட்டமும் பெற்றார். 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆந் திகதி கொழும்பிலே அவருக்கு ஆனந்தர் பிறந்தார். தாயும் சேயும் இங்கிலாந்து சென்றிருந்தனர். அவர்களிடம் புறப்பட இருந்த தறுவாயில், 1879ஆம் ஆண்டு மே மாதம் சேர் முத்து கொழும்பில் உயிர் நீத்தார். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. விதி பழைய கணக்கையே மீண்டும் எழுதியது. ஆனால் முத்து கொழும்பிலே தமிழர் நடுவே வளர்ந்தவர். ஆனந்தரோ தாயின் நாட்டிலே, தந்தையின் மொழி காதில் விழாத வீட்டிலே வளர்ந்தார். அறுந்த நூலை அவர் எங்கே பற்றுவது?

கல்லைப் பற்றித்தான் முதலில் வந்தார். இலண்டனில் நிலவியல் பயின்று, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராகி, 1904இல் தோரியனைற் என்னும் கனியத்தைக் கண்டறிந்தார். அந்த ஆய்வுக்காக ஊர் ஊராக அலைந்தபோது கண்டியக் கம்மாளரையும் நெசவாளரையும் கண்டார். அவர்தம் கைத்தொழில் தேய்வதையுங் கண்டார். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, நடையுடையிலே ஐரோப்பியரைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினார். தாய்மொழியை இழந்து வளர்ந்த ஒருவர் அதை வற்புறுத்தியது எனக்கு எப்பொழுதும் நெஞ்சைத் தொடுவது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய அத்தையின் மக்கள். குடும்பம் கொழும்பிலே பேரோடு விளங்கியபோதும் ஆனந்தர் தம் பாதையிலேயே சென்றார்.

மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலே 425 பிரதிகளாக அச்சாயிற்று. கண்டியைப் பாடியவர் யாழ்ப்பாணத்தை ஏன் பாடவில்லை என்று நம்மவர் சிலர் குறைபடக் கேட்டிருக்கிறேன். இக்குறை பொருந்தாது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நம் பழங் கோயில்களை இடித்துத் தள்ளினர். நம் முன்னோர் வழிபட்ட பழைய வடிவங்களைக் காணவேண்டுமாயின் பொலனறுவைக்கன்றோ போகவேண்டும்? அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்ட சைவச் செப்புத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலையை அடைந்தன. ஆனந்தர் அந்நூதனசாலையின் படிமங்கள் பற்றி 1914இல் நூல் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1912இல், சென்னைச் சித்தாந்த தீபிகையிலே சிவநடனம் பற்றிய கட்டுரை வெளிவந்தது. திருமந்திரமும் உண்மை விளக்கமும் கூறும் ஐந்தொழிற் கூத்தை மேல்நாட்டார்க்கு அவர் விளங்கவைத்தார். என் எண்ணத்திலே, கெருடாவிலுக்கு அவர் மிகவும் நெருங்கி வந்தது அந்தக் கட்டுரையிலேதான்.

1917இல் அமெரிக்கா சென்று, பொஸ்தன் நுண்கலைச் சாலையில் இந்தியக் கலைப் பகுதியை ஏற்றார். ஐரிஷ் குடியேறிகளின் பேரப்பிள்ளைகள் நிறைந்த நகரம் அது. அங்கே முப்பது ஆண்டு பணி புரிந்தார்.

1947ஆம் ஆண்டு எழுபதாவது பிறந்தநாள் விருந்திலே, உத்தியோகத்தை விடுத்து இந்தியா சென்று எஞ்சிய காலத்தைக் கழிக்கப்போவதாக அறிவித்தார். அவர் குறித்தது இந்தியா, கெருடாவில் அன்று. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன். பதினெட்டாம் நாள், செப்டெம்பர் 9ஆந் திகதி, பொஸ்தனுக்கு அருகிலுள்ள நீடம் என்னும் ஊரிலே அவர் ஆவி பிரிந்தது.