ஜெனரல் பி. பி. குமாரமங்கலம்

ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் (ஜூலை 1, 1913 - மார்ச் 13, 2000) இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக 1966 முதல் 1969 வரை பணியாற்றியவர். கொங்கு நாட்டின் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர். பீரங்கிப் படையிலிருந்து தலைமைத் தளபதி பதவிக்கு உயர்ந்த முதல் அலுவலரும், தமிழகத்திலிருந்து அப்பதவியை அடைந்த முதலாமவரும் இவரே. இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட் ஒன்றில் பணியாற்றி, பிரித்தானியாவின் உயர்ந்த வீர விருதுகளுள் ஒன்றான டி.எஸ்.ஓ. பெற்றார். அதே போரில் பகைவரிடம் சிறைப்பட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க் கைதியாக இருந்தார்.

பிறப்பும் குடும்பமும்

குமாரமங்கலம் என்பது திருச்செங்கோட்டிற்கு அருகில் உள்ள சிற்றூர். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997 இல் நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. இவருடைய தந்தை டாக்டர் ப. சுப்பராயன் குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். 1937 இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையிலும் இடம் பெற்றவர். தாய் ராதாபாய் மங்களூரைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகள். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் பிரதிநிதியாகக் கலந்து கொண்டவர்.

சுப்பராயன் தம்பதியரின் மக்கள் நால்வருள் பரமசிவ பிரபாகர் மூத்தவர். அடுத்தவரான கோபால் பொதுத்துறை நிறுவனங்களில் உயர் பொறுப்புகளை வகித்தார். மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னணித் தலைவராக விளங்கிப் பின்னர் காங்கிரசில் சேர்ந்து நடுவண் அமைச்சரானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியிலிருந்து 1957, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆங்கில ஆட்சி குறித்து இக்குடும்பத்தினர் ஒரே நிலையில் இருக்கவில்லை. தந்தை அந்த ஆட்சியின் அரசியல் அமைப்புக்குள் நின்று பணியாற்றிக் காங்கிரசுக்கு வந்தவர். தம்பி மோகன் அதே ஆட்சி 1940களின் தொடக்கத்தில் நடத்திய சென்னைச் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றவர். மூத்த மகனோ அந்த ஆட்சியின் படையில் அரசரின் ஆணை பெற்ற அலுவலர். ஆங்கில அரசின் சிறையில் தம்பி இருந்த சிறிது காலத்திற்குள், ஆங்கில அரசுக்காகப் போரிட்ட அண்ணன் பகைவரின் சிறைக்குச் சென்றார்.

பீரங்கிப் படையில் சேர்தல்

இங்கிலாந்தின் ஊல்விச் நகரில் இருந்த அரச இராணுவக் கழகத்தில் பயிற்சி பெற்று 1933 இல் அலுவலரானார். காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் சாண்ட்கர்ஸ்டில் பயிற்சி அளிக்கப்பட்டது. பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் உரிய கழகம் ஊல்விச். இங்கிலாந்தில் பயின்று அரசரின் ஆணை பெற்ற இந்தியர்கள் கே.சி.ஐ.ஓ. எனப்பட்டனர். 1932 இல் டேராடூனில் இந்திய இராணுவக் கழகம் தொடங்கப்பட்டபின் இம்முறை முடிவுக்கு வந்தது. கே.சி.ஐ.ஓ. அலுவலர்களுள் தலைமைத் தளபதியான கடைசி நபர் குமாரமங்கலம் ஆவார்.

இந்தியர் ஒருவர் பீரங்கிப் படையில் அலுவலராவது அக்காலத்தில் புதுமையாக இருந்தது. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், மலைப் பீரங்கிப் பிரிவுகள் நீங்கலாக, பீரங்கிகளை இந்தியர் கையில் விடுவதில்லை என்பது ஆங்கில அரசின் கொள்கை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீடித்த அக்கொள்கை, 1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில் இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு அமைக்கப்பட்டபோதே தளர்ந்தது. இப்படைக்கு வந்த முதல் இந்திய அலுவலராகப் பிரேம் சிங் கியானி அறியப்படுகிறார். அவரை அடுத்து வந்த சிலருள் குமாரமங்கலம் ஒருவர்.

வட ஆப்பிரிக்காவில்

இரண்டாம் உலகப் போரில் குமாரமங்கலம் 2 ஆவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்டில் மேஜராக இருந்தார். இந்த ரெஜிமென்ட் லிபியாவில் 3 ஆவது இந்திய மோட்டார் பிரிகேடுடன் இணைக்கப்பட்டிருந்தது. அப்பிரிகேடின் ஏனைய பிரிவுகள் 2 ஆவது லான்சர்ஸ், 11 ஆவது குதிரைப்படை, 18 ஆவது குதிரைப்படை ஆகியன. குதிரைகளை விட்டு மோட்டார் வண்டிகளுக்கு மாறியிருந்த இப்பிரிவுகளிடம் டாங்கிகள் இல்லை. எனவே டாங்கித் தாக்குதல் நேரிட்டால் அதைத் தாங்க வேண்டிய பொறுப்பின் பெரும்பகுதி பீரங்கி ரெஜிமென்டின் மீது விழுந்தது.

அந்த ரெஜிமென்டின் ஆயுதம் 25 பவுண்டர் எனப்பட்ட களப் பீரங்கி. ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுள்ள குண்டை 12 கிலோமீட்டர் தொலைவு வரை வீசக்கூடிய இது, கண்ணுக்குத் தெரியாத இலக்குகளைப் பின்னாலிருந்து தாக்குவதற்காக உருவாக்கப்பட்டது. பாலைவனப் போரிலோ ஆங்கிலேயரின் 2 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி போதிய வலிமையற்றிருந்ததால், 25 பவுண்டர்களை முன்வரிசைக்குக் கொண்டு வந்து, நெருங்கி வரும் டாங்கிகளை நேரடியாகக் குறிபார்த்துச் சுட வேண்டிய நிலை ஏற்பட்டது. மறைவிடம் ஏதும் இல்லாத வெட்டவெளியில் இவ்வாறு நின்று சுடும் பீரங்கி வீரர்களுக்கு முன்னால் இருந்த காப்பு மெல்லிய இரும்புத் தகடு மட்டுமே.

பிர் ஹகெய்ம் போர்

1942 மே மாதம் ஆங்கிலேயரின் எட்டாவது படை, கடற்கரையில் உள்ள காசாலாவிலிருந்து தெற்கே பாலைவனத்தில் உள்ள பிர் ஹகெய்ம் வரை கண்ணிவெடி வயல்களாலான தற்காப்புக் கோடு ஒன்றை அமைத்திருந்தது. அதன் தென்கோடியான பிர் ஹகெய்மைச் சுதந்திர பிரெஞ்சுப் படையினர் காத்து நின்றனர். அவ்விடத்திற்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், வரைபடத்தில் 171 எனக் குறிக்கப்பட்ட புள்ளியில் 3 ஆவது இந்திய மோட்டார் பிரிகேடு நிறுத்தப்பட்டது. அது அங்கு வந்து சேர்ந்து நிலைகொள்ளப் போதிய காலம் கிடைக்கவில்லை.

மே 26 இரவு ஜெர்மானியத் தளபதி ரோமெல் தம் கவசப் படைகளைப் பிர் ஹகெய்முக்குத் தெற்கே சுற்றி அனுப்பினார். மே 27 காலையில் இத்தாலியின் அரியெத்தே கவச டிவிசன் இந்தியப் பிரிகேடின்மீது பாய்ந்தது. இந்தியப் பீரங்கிகள் நெருங்கிய தொலைவில் சுட்டுப் பல டாங்கிகளை அழித்தன. ஆனால் எண்ணிக்கையிலும் வலிமையிலும் மிகுந்திருந்த கவசப் படையை நெடுநேரம் நிறுத்த இயலவில்லை. குறுகிய நேரத்தில் டாங்கிகள் பீரங்கி நிலைகளைக் கடந்து உட்புகுந்தன, பிரிகேடு சிதறியது. 18 ஆவது குதிரைப்படையுடன் இணைந்திருந்த, எழுபது வயதைக் கடந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி வால்ட்டர் கோவன் இங்குச் சிறைப்பட்டோருள் ஒருவர். பிடிபட்ட இந்திய வீரர்களுள் சில நூறு பேர், அவர்களுக்குத் தண்ணீர் தர வழியின்றிப் பகைவரால் பாலைவனத்திலேயே விடப்பட்டனர். நடந்தே பிர் ஹகெய்மை அடைந்த அவர்களைப் பிரெஞ்சுப் படையினர் ஏற்றுக்கொண்டனர்.

பிர் ஹகெய்ம் போரில் ஆற்றிய பணிக்காகக் குமாரமங்கலத்திற்கு டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது. இவ்விருதைப் பெற்ற இந்திய அலுவலர்கள் மிகச் சிலரே. காசாலாப் போர் ஆங்கிலேயரின் தோல்வியில் முடிந்தது. ஜூன் 21 அன்று டோப்ருக் துறைமுகம் வீழ்ந்து, ஏறத்தாழ 33,000 நேச நாட்டு வீரர்கள் சிறைப்பட்டனர். இக்காலப் போர்களில் குமாரமங்கலமும் போர்க் கைதியானார்.

போர்க் கைதியாக

இந்திய அலுவலர்கள் இத்தாலியில் நேப்பிள்சு நகருக்கு அருகில் உள்ள அவெர்சா முகாமில் வைக்கப்பட்டனர். அங்கு அவர்களுக்கு மூத்த அலுவலராக மேஜர் குமாரமங்கலம் இருந்தார். முகாமின் அஜூட்டன்ட் பொறுப்பை யாகியா கானும், பொருள் வழங்கல் பொறுப்பைப் பீரங்கிப் படை அலுவலரான டிக்கா கானும் கவனித்ததாக, உடன் சிறையிருந்த மேஜர் ஜெனரல் ஏ. எஸ். நரவானே தம் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். பிர் ஹகெய்மில் பிடிபட்ட சாகிப்சாதா யாகூப் கானும் இக்கைதிகளுள் ஒருவர்.

இதே காலத்தில் இந்தியப் போர்க் கைதிகளைத் தம் பக்கம் சேர்க்கும் முயற்சிகளும் நடைபெற்றன. இத்தாலியர் 1942 இல் ஆசாத் இந்துஸ்தான் என்ற பெயரில் ஒரு பட்டாலியனை அமைத்தனர். அது சில மாதங்களிலேயே கலைக்கப்பட்டது. ஜெர்மனியில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த சுதந்திர இந்திய லீஜனில், வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட கைதிகள் பலர் சேர்ந்தனர். தாயகத்தில் 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியிருந்தது. நாட்டுப்பற்று எப்பக்கம் செலுத்தும் என்ற கேள்வி இந்தியக் கைதிகள் அனைவர் முன்னும் நின்ற காலம் அது. குமாரமங்கலம் தாம் ஏற்ற படைக் கடமையிலேயே நின்று கைதியாகத் தொடர்ந்தார்.

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளுடன் போர் நிறுத்தம் செய்துகொண்ட செய்தி வெளியானது. இதனால் ஏற்பட்ட குழப்பத்தில் பல கைதிகள் தப்பினர். குமாரமங்கலமும் தப்பினார், ஆயினும் ஜெர்மானியரால் மீண்டும் பிடிக்கப்பட்டு, சாகன் நகரில் இருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்கு அனுப்பப்பட்டார். இன்று போலந்தில் உள்ள இந்நகரின் முகாம், ஜெர்மன் விமானப்படையால் கடுங்காவலுடன் நடத்தப்பட்டது. 1944 மார்ச்சில் சுரங்கம் வழியாக 76 கைதிகள் தப்பியதும், பிடிபட்டவர்களுள் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் இம்முகாமை உலகறியச் செய்தன. 1945 இல் போர் முடிவுற்றபோது குமாரமங்கலத்தின் சிறை வாழ்வும் முடிந்தது.

விடுதலைக்குப் பின்

1947 இல் நாட்டுடன் படையும் பிரிக்கப்பட்டது. பீரங்கி ரெஜிமென்டுகளுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கும் எஞ்சியவை பாகிஸ்தானுக்கும் சென்றன. அவெர்சா முகாமில் ஒன்றாகச் சிறையிருந்த அலுவலர்களும் இரு நாட்டுப் படைகளுக்குப் பிரிந்தனர். குமாரமங்கலம் இந்தியப் படையில் படிப்படியாக உயர்ந்தார். சீனப் போரில் ஏற்பட்ட தோல்விக்குப் பின், 1963 மே முதல் 1964 நவம்பர் வரை கிழக்குப் பிராந்தியத்தின் தளபதியாக இருந்தார். 1965 ஜனவரியில் தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதியானார். அவ்வாண்டு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது, தலைமைத் தளபதி ஜெ. என். சௌத்ரிக்கு அடுத்த நிலையில் பணியாற்றினார்.

தலைமைத் தளபதியாக

1966 ஜூன் 8 அன்று தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். காரியப்பாவை முதலாகக் கொண்டு எண்ணினால் இப்பொறுப்பை ஏற்ற ஏழாவது இந்தியர் இவர். தாஷ்கண்ட் உடன்பாடு கையெழுத்தாகி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் யாகியா கான் பாகிஸ்தான் படையின் தலைவரானார். இதனால் 1966 முதல் 1969 வரை, ஒரே கைதி முகாமில் மூத்த அலுவலராகவும் அஜூட்டன்டாகவும் இருந்த இருவர், அண்மையில் ஒன்றோடொன்று போரிட்ட இரு படைகளுக்குத் தலைமை தாங்கினர். டிக்கா கான் 1972 இல் பாகிஸ்தான் படையின் தலைவரானார். யாகூப் கான் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

இவர் பதவிக்காலத்தில் 1967 செப்டம்பர் 11 அன்று சிக்கிமின் நாதுலா கணவாயில் இந்திய, சீனப் படைகள் மோதின. அக்டோபர் 1 அன்று சோலா கணவாயில் மற்றொரு மோதல் நிகழ்ந்தது. நாதுலாவில் மேஜர் ஜெனரல் சகத் சிங்கின் கீழ் இருந்த இந்தியப் பீரங்கிகள், உயரமான கண்காணிப்பு நிலைகளின் உதவியுடன் சீன நிலைகளைத் தாக்கிப் பெரும் சேதம் விளைவித்தன. 1962 தோல்வியால் தளர்ந்திருந்த படையினருக்கு இம்மோதல் நம்பிக்கையை மீட்டுத் தந்ததாகக் கருதப்படுகிறது. 1966 இல் தொடங்கிய மிசோ கிளர்ச்சியை ஒடுக்கும் நடவடிக்கைகளும் இக்காலத்தில் தொடர்ந்தன. சிற்றூர் மக்களை ஓரிடத்தில் குடியமர்த்திய அந்நடவடிக்கை, மிசோ மக்களுக்குப் பெருந்துன்பம் விளைவித்ததாகக் கடும் குறை கூறப்பட்டது.

1969 ஜூன் 7 அன்று பணி ஓய்வு பெற்றார். இவருக்குப் பின் சாம் மானெக்‌ஷா தலைமைத் தளபதியானார்.

பிற்காலமும் மறைவும்

குதிரையேற்றத்திலும் போலோ விளையாட்டிலும் துடுப்பாட்டத்திலும் ஈடுபாடு உடையவர். 1970 இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது. தம்பி மோகன் 1973 மே 31 அன்று தில்லி அருகே நடந்த விமான விபத்தில் உயிரிழந்தார். குமாரமங்கலம் 2000 மார்ச் 13 அன்று தம் 86 ஆம் வயதில் காலமானார். மோகனின் மகனும் நடுவண் அமைச்சருமான ரங்கராஜன் குமாரமங்கலம் அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். உடன்பிறந்தவர்களுள் இளையவரான பார்வதி கிருஷ்ணன் 2014 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் காலமானார்.

வகித்த பதவிகள்

- கிழக்குப் பிராந்தியத் தளபதி: 1963 - 1964
- தரைப்படைத் துணைத் தலைமைத் தளபதி: 1965 - 1966
- தரைப்படைத் தலைமைத் தளபதி: 1966 - 1969

பெற்ற விருதுகள்

- டி.எஸ்.ஓ. (பிர் ஹகெய்ம் போருக்காக)
- எம்.பி.ஈ.
- பத்ம விபூசண் (1970)